முப்பது முட்டைகள்

மனிசாலெஸ் நகரம் இன்று
மேகத்தைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறது.
ஷோரூமுக்குள் மட்டும் வெளிச்சம், எல்லாம் குழல்விளக்கு.
விற்கிற பையன் பெயர் துபான்.
டை, அவனுக்குக் கொஞ்சம் நீளம்.
"பத்து அங்குலத் திரை, தோன்யா நூபியா" என்கிறான்.
நான் பின்கதவைத் திறந்து
எத்தனை தரம் அடித்தால் சாத்துகிறது என்று பார்க்கிறேன்.
ஒரே தரம்.
சரி.

கையில் முட்டைத் தட்டு. முப்பது.
"அதை இங்கேயே வைத்துவிட்டுப் போகலாமே."
"வீட்டுக்கு வண்டி பார்க்க வந்திருக்கிறோம் தம்பி,
வீடு எதையெல்லாம் ஏற்றும் என்று
வண்டிக்குத் தெரிய வேண்டாமா?"

பின்சீட்டில் நடுவே தட்டு.
ஒரு பக்கம் யெசெனியா, ஒன்பது வயது,
நான்கு சக்கரம் உருண்டாலே குமட்டும் பிள்ளை.
மறுபக்கம் என் கணவர் எர்னான்,
ஒரு மீட்டர் தொண்ணூறு உயரம்.
முழங்கால் முன்சீட்டில் இடிக்கவில்லை என்று
பொய் சொல்கிறார்.

நான் பல் செட் செய்கிறவள்.
அரை மில்லிமீட்டர் இடைவெளியையும்
விரல் சொல்லிவிடும்.
டாஷ்போர்டு விளிம்பில் விரலை ஓட்டினேன்.
கண்ணாடியோரம் ஒரு பிசிறு.
வாயைத் திறக்கவில்லை.
இந்த விலைக்கு ஒரு பிசிறாவது இருந்தால்தான்
எனக்கு நம்பிக்கை வரும்.

துபான் காட்டிய பாதை அகலமான அவெனிதா,
வழித்துவிட்ட மாவு போல சமம்.
அங்கே எந்த வண்டியும் நல்ல வண்டிதான்.
நான் சிக்னலில் இடப்பக்கம் ஒடித்தேன்.
"அந்தப் பக்கம் இல்லை…" என்றவன்
கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

எங்கள் தெருவில்
ஓர் ஆரஞ்சுப்பழம் கை நழுவினால்
கீழே தேவாலய வாசலில் போய்த்தான் பொறுக்க வேண்டும்.
அதன் நடுமேட்டில், ஈரத்தில், வேண்டுமென்றே நிறுத்தினேன்.
பின்னால் கேஸ் சிலிண்டர் லாரி, ஹாரன்மேல் ஹாரன்.
பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.
ஒன்று.
இரண்டு.
சரியவில்லை.
மிதித்தேன்.
மூன்று சிலிண்டர் எஞ்சின்
மூக்கடைத்தவன்போல் முனகியது,
யோசித்தது.
அது யோசித்த நேரத்தில்
அருள் நிறைந்த மரியேயில் பாதி சொல்லிவிட்டேன்.
மீதிப் பாதிக்கு அவசியமில்லாமல்
ஏறியது.

"நீ எதில் வேலைக்கு வருகிறாய்?"
"கேபிள் காரில். அப்புறம் ஒரு பஸ்."
"இதை மேட்டில் ஓட்டியிருக்கிறாயா?"
"உட்கார்ந்ததே இன்றைக்குத்தான்."
அவன் சொன்னதில் அது ஒன்றைத்தான்
அப்படியே நம்பினேன்.

பேக்கரி வளைவு வந்தது.
யெசெனியா வழக்கமாகப் பை கேட்கும் இடம்.
வந்தது, போனது.
கண்ணாடியில் பார்த்தேன்.
இரண்டு கையையும் தட்டின்மேல் கவிழ்த்து,
ஒவ்வொரு குழிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு
முட்டைக்குக் காவலிருக்கிறாள்.
குமட்டுவதற்கு அவளுக்கு நேரமில்லை.

திரும்பி வந்து கணக்குப் போட்டோம்.
முன்பணம் போக அறுபது தவணை.
கடைசித் தவணை கட்டுகிற மாதம்
இவளுக்குப் பதினாலு நடக்கும்,
எங்களோடு ஒரே வண்டியில் ஏற வெட்கப்படுவாள்.
எர்னான் சிவப்பா சாம்பலா என்று கேட்டார்.
அவர் முழங்காலில் சீட்டுத் துணியின் வரி பதிந்திருந்தது.
நான் முட்டைகளை எண்ணினேன்.
ஒன்றில் விரிசல்.
கடையிலேயே இருந்ததா,
வேகத்தடையில் விழுந்ததா,
யாருக்குத் தெரியும்.
துபானிடம் அதைக் கொடுத்தோம்.
இரு கையாலும் வாங்கிக்கொண்டு
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"யோசித்துச் சொல்கிறோம்."

பஸ்ஸில் கூட்டம்.
தட்டை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.
பேக்கரி வளைவில் யெசெனியா
என் தோளைத் தட்டிப் பை கேட்டாள்.
"பார்த்தாயா, அது நல்ல வண்டி" என்றார் எர்னான்,
கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றபடி.
நான் முட்டைத் தட்டைப் பார்த்தேன்,
பதில் சொல்லவில்லை,
பையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.